மூணு நோட்டும் கருவாட்டுத் தராசும்

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனை டாக்டரம்மா, முன் வரிசையில், ஜன்னல் ஓரம். தண்டையார்பேட்டையில் இருந்து வந்த நெஞ்சு டாக்டர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. திருவொற்றியூரில் கிட்னி பார்க்கிற டாக்டர், கடைசி நாற்காலியில், பாதியில் எழுந்து போக வசதியாக. மணலியில் ஒரு கம்பெனி டாக்டர். எண்ணூரில் இருந்து ஸ்கூட்டரில் வரும் டாக்டர், சட்டைத் தோளில் எப்போதும் சாம்பல் தூசு. மற்ற டாக்டர்கள் பதினேழு பேர். டை கட்டிய மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர். பாடம் எடுக்க சிட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வந்த உயரமான டாக்டர். ஸ்லைடு மெஷின் பக்கத்தில் நான். எல்லாருக்கும் எதிரே தனியாகப் போட்ட நாற்காலியில் என் பொண்டாட்டி. மடியில் மஞ்சப்பை.

ரெண்டாயிரம் பிறக்க இன்னும் சில மாசம் இருந்தது.

ராயபுரத்தில் ஒரு சங்கத்துக் கட்டடம். கீழே கடைகள், மேலே ஹால். அங்கே நான் அட்டெண்டர். பெருக்குவது, நாற்காலி போடுவது, டீ வாங்கி வருவது, பூட்டுவது. நிச்சயதார்த்தம், யூனியன் மீட்டிங் எல்லாம் நடக்கும். மாசத்தில் இரண்டாவது ஞாயிறு டாக்டர்களுக்கு. கிளினிக் வைத்து, தலை நரைத்த பிறகும் வந்து உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவன். இந்த வயசில் இவர்களுக்கு என்ன பாடம் என்று முதலில் தோன்றியது.

பாடம் இங்கிலீஷில் நடக்கும். எனக்கு ஸ்லைடு மட்டும்தான் தெரியும். வட்டத் தட்டில் ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும். அட்டை மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். அது கட்டைவிரலுக்குக் கீழே வர வேண்டும். ஒருமுறை மாற்றிச் சொருகிவிட்டேன். திரையில் இதயம் தலைகீழாக வந்தது.

"பேஷண்ட் சிரசாசனம் பண்றார் போல" என்றார் எண்ணூர் டாக்டர்.

அதற்குப் பிறகு நான் மாற்றிச் சொருகியதில்லை.

என் பொண்டாட்டி காசிமேட்டில் கருவாடு எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முதலில் அவளுக்குச் சக்கரை வந்தது. தெருமுனை டாக்டரம்மாவிடம் பன்னிரண்டு வருசம் பார்த்தோம். அப்புறம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் அடைக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். யாரோ சொல்லித் தண்டையார்பேட்டை டாக்டரிடம் போனோம். அப்புறம் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். பக்கத்து வூட்டுக்காரி சொல்லித் திருவொற்றியூர் போனோம்.

மூணு டாக்டர், மூணு நோட்டு. அவளுக்கு எழுத்து தெரியாது. நோட்டு முதுகில் நூல் கட்டி அடையாளம் வைத்தாள். மஞ்சள் நூல் சக்கரைக்கு. சிவப்பு நெஞ்சுக்கு. பச்சை கிட்னிக்கு. எந்த டாக்டரிடம் போகிறோமோ அந்த நோட்டு மட்டும் பையில் போகும். மற்ற ரெண்டும் அரிசி டின்னுக்கு மேலே இருக்கும்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. ஒரு டாக்டர் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டமாட்டோம். காட்டினால் அவமரியாதை. இவர் மேல் நம்பிக்கை இல்லாமல் அங்கே போனாயா என்று மனசு நோவார்.

"வேற எங்கியாவது பாத்தியா?" என்று கேட்பார்கள்.

"இல்ல சார், ஒங்களத்தான் நம்பிகினு கீறேன்" என்பாள்.

மூணு பேரிடமும் அதையே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

நாலாவதாக ஒன்று உண்டு. அதற்கு நோட்டு கிடையாது. கூடை தூக்கித் தூக்கி அவள் முட்டி தேய்ந்து போயிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டால் கொடுப்பான். தினம் ரெண்டு. நான்தான் வாங்கி வருவேன். சாயங்காலம் கூடையை இறக்கி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து "அப்பாடா" என்பாள். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கி வந்தேன்.

முந்தின மாசப் பாடத்தில் ஒரு படம் வந்தது. ஒரு மூலையில் இதயம். ஒரு மூலையில் ரெண்டு கிட்னி. ஒரு மூலையில் கணையம், அதன் பக்கத்தில் சக்கரைக் கட்டிகள். மூன்றுக்கும் நடுவே அம்புக்குறிகள். போகிற அம்பு, வருகிற அம்பு. அந்த ஸ்லைடை உயரமான டாக்டர் ரொம்ப நேரம் மாற்றச் சொல்லவில்லை. கீழே கன்டெய்னர் லாரி போனபோது படம் ஆடியது. மூன்றும் சேர்ந்து ஆடின. எனக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. அரிசி டின்னுக்கு மேலே இருந்த நோட்டுகள் ஞாபகம் வந்தன.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"மூணும் ஒண்ணாமே."

"ஆரு சொன்னது?"

"படத்துல காட்டினாங்க."

"நீ மிசினு ஓட்றவன்யா. டாக்டரா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த மாசம் பாடத்துக்கு ஒரு பேஷண்டைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். சக்கரை, நெஞ்சு, கிட்னி மூணும் உள்ளவர். ஞாயிறு பத்து மணி ஆகியும் அவர் வரவில்லை. போன் போட்டுப் பார்த்தார்கள். மாமியார் ஊருக்குப் போய்விட்டாராம். உயரமான டாக்டர் வாட்ச்சைப் பார்த்தார்.

நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"எங்க வூட்ல ஒரு ஆளு கீது சார்" என்றேன்.

"என்ன பிரச்சினை?"

"போன மாசம் படத்துல காட்டினீங்களே, மூணும்."

அவர் என்னைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். "பக்கத்துலயா வீடு?"

"மூணு தெரு."

"கூட்டிட்டு வாங்க. வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

சைக்கிள் ரிக்ஷா பிடித்துப் போனேன். அவள் விற்று முடித்து வந்து வாசப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு மே. ஹாலுக்குப் போலாம்."

"இன்னாத்துக்கு?"

"டாக்டருங்க ஒன்னப் பாக்கணுமாம்."

"எந்த டாக்டரு?"

"அல்லாருந்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்ம மூணு டாக்டரும் அங்கதான் குந்திகினு கீறாங்களா?"

"ஆமா."

"யோவ், ஒனக்கு இன்னா பைத்தியமா? மூணு பேரு முன்னாடி மூணு நோட்டத் தூக்கிகினு போய் நிக்கவா? டாக்டரம்மா மூஞ்சில எப்டி முழிப்பேன்? பன்னெண்டு வருசமா என்னத் தொட்டுப் பாத்த கையி."

"நேத்து எத்தினி தபா எழுந்து குந்தினே?"

"போற உசுரு மானத்தோட போவட்டும்" என்றாள்.

"போவக்கூடாதுன்னுதான் கூப்புட்றேன்."

நான் அவ்வளவு பேசியது அவளுக்கே புதுசு. எழுந்து முகம் கழுவினாள். புடவை மாற்றினாள். நோட்டுகளையும் மாத்திரைகளையும் மஞ்சப்பையில் போட்டாள். ரிக்ஷாவில் ஏறும்போது, "கருவாட்டு வாசன வருதா எம்மேல?" என்று கேட்டாள். வந்தது. இல்லை என்றேன்.

ஹால் படி ஏற மூணு தடவை நின்றாள்.

உள்ளே நுழைந்ததும் நெஞ்சு டாக்டர் தலையைத் தூக்கினார். "இவங்க என் பேஷண்டாச்சே" என்றார்.

கடைசி வரிசையில் இருந்து திருவொற்றியூர் டாக்டர், "எனக்கும்தான் சார்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பொண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

உயரமான டாக்டர் நல்ல தமிழில் பேசினார். "என்னம்மா சாப்பிடுறீங்க?"

"எத்தக் கேக்குறீங்க சார்? சோறா, மாத்திரையா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மாத்திரைகளைக் கொட்ட ஒரு பாத்திரம் கேட்டார். டீத் தட்டைத் துடைத்துக் கொடுத்தேன். அவள் மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். தட்டு நிறைந்தது. முன் வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் கேட்டார். அவள் நூல் நிறத்தைச் சொன்னாள்.

"இது?"

"சேப்பு நூலு சார். நெஞ்சுக்கு."

"இது?"

"பச்ச. கிட்னிக்கு."

ரெண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே மருந்தும்மா. கம்பெனி வேற, பேரு வேற."

"அப்ப ரெட்டிப்பா கேக்கணுமே சார்?"

"கேக்காது. உடம்புத் தண்ணிய ரெட்டிப்பா இழுத்து விட்டுடும்."

சக்கரை மாத்திரையை எடுத்தார். கிட்னி இந்த நிலையில் இருக்கும்போது இந்த அளவு கொடுக்க முடியாது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அதையே தமிழிலும் சொன்னார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பேனா ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது.

கடைசியில் ரெண்டு அட்டை மீந்தது.

"இதுக்கு எந்த நூல்?"

அவள் மஞ்சப்பையை மடித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"யார் எழுதிக் கொடுத்தது?"

மூணு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் சார்" என்றேன். "முட்டி வலிக்கு. கடையில கேட்டு வாங்கினது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசமா. தெனம் ரெண்டு."

அவர் கோபப்படவில்லை. அந்த அட்டையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். இது கிட்னியைக் கெடுக்கும், உடம்பில் தண்ணியை நிறுத்தும், தண்ணி நின்றால் இதயம் திணறும், அதற்கு மருந்து கொடுத்தால் கிட்னி இன்னும் வாடும் என்று வரிசையாகச் சொன்னார். போன மாசத்து அம்புக்குறிகள். நான் மெஷின் பக்கத்தில் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இவரு தெரியாம செஞ்சாரு" என்றார். "நாம மூணு நோட்டு எழுதினோம். நமக்கும் தெரியல. யாராவது கேட்டோமா?"

"நான் கேட்டேன் சார்" என்றார் டாக்டரம்மா. "வேற எங்கயாவது பாத்தியான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"எப்படிக் கேட்டீங்க மேடம்?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கோவமாத்தான் கேட்டிருப்பேன்" என்றார்.

என் பொண்டாட்டி பதறிவிட்டாள். "இல்லம்மா, நாந்தான் பொய் சொன்னேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

டாக்டரம்மா எழுந்து வந்தார். மூணு நோட்டையும் வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். மூணு நூலையும் சேர்த்து முறுக்கிக் கட்டச் சொன்னார். அவள் அங்கேயே உட்கார்ந்து கட்டினாள். இருபத்திரண்டு டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே இது ஒரே நோட்டு. நானும் இதுலதான் எழுதுவேன், அவங்க ரெண்டு பேரும் இதுலதான் எழுதுவாங்க" என்றார் டாக்டரம்மா.

நெஞ்சு டாக்டர் தலையாட்டினார். திருவொற்றியூர் டாக்டர் அன்றைக்குப் பாதியில் எழுந்து போகவில்லை.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

"கருவாடு சாப்பிடுவீங்களாம்மா?"

"நான் விக்கிறதே அதான் சார்."

"வித்துக்குங்க. வாயில மட்டும் வைக்காதீங்க. உப்புதான் உங்களுக்கு விஷம். இன்னொண்ணு, தினம் காலையில எடை பாக்கணும். ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி. உடனே டாக்டர்கிட்ட வரணும். வீட்ல எடை மெஷின் இருக்கா?"

"வூட்ல இல்ல சார். அண்ணாச்சி கடைல கருவாட்டுத் தராசு கீது."

"அது போதும்" என்றார்.

அண்ணாச்சி தெற்கத்திக்காரர். காசிமேட்டில் கருவாட்டு மொத்தக் கடை. மறுநாள் காலையில் அவளைக் கூட்டிப் போனேன். மூட்டை போடும் பெரிய தராசு. தட்டில் ஏறி நின்றாள். செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

"என்ன தாயி, இன்னைக்கு நீயே சரக்கா?" என்றார் அண்ணாச்சி.

"வெல சொல்லு அண்ணாச்சி, கட்டினா போறேன்" என்றாள்.

அறுபத்தொன்று. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். எனக்கு எண் எழுத வரும். அதிலிருந்து தினம் காலை அதுதான் வேலை. வலி மாத்திரை நின்றது. கால் வடிந்தது. ஒரு மாசத்தில் ஐம்பத்து நாலுக்கு வந்தாள். படுத்துத் தூங்கினாள். பக்கத்தில் ஆள் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. பல நாள் முழித்துக்கொண்டு அந்த மூச்சைக் கேட்டபடி கிடந்தேன்.

முட்டி வலி போகவில்லை. "அப்பாடா" என்பதும் நின்றுபோனது. உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் சுடுதண்ணீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். அதற்குமேல் என்னால் ஒன்றும் முடியவில்லை.

உப்பில்லாத சோறு அவளுக்கு இறங்கவில்லை. நானும் அதையே சாப்பிட்டேன். கருவாடு அளந்து கொடுத்துவிட்டு வந்து இடது கையை மட்டும் கழுவாமல் சோற்றின் முன்னால் உட்காருவாள். இடது கை விரலை மூக்கில் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவாள்.

"இன்னாமே இது?"

"வாசனைல உப்பு இல்லியே. டாக்டரு வாயிலதான வைக்கக்கூடாதுன்னாரு."

இரண்டாவது ஞாயிறு வந்தால் அவளும் ஹாலுக்கு வருவாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்காருவாள். ஒவ்வொரு மாசமும் இப்போது ஒரு பேஷண்ட் வந்தார். "தட்டு எடுத்துட்டு வாங்க" என்பார்கள். டீத் தட்டைக் கொண்டு வைப்பேன். மாத்திரை கொட்டுவார்கள். அவள் எட்டிப் பார்த்து என் காதில் சொல்வாள்.

"அந்தாளுக்கும் முட்டி மாத்திர கீது பாரு."

சொன்னது முக்கால்வாசி சரியாக இருக்கும். ஒருமுறை அது டாக்டரம்மா காதில் விழுந்தது. "அடுத்த தடவ நீயே கிளாஸ் எடு" என்றார். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பாடம் நடக்கும்போது எத்தனை டாக்டர் தூங்குகிறார்கள் என்று எண்ணுவாள். டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு வருவாள்.

நாலு தடவை எடை ஏறியது. நாலு தடவையும் ஏறின அன்றைக்கே நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். மூணு முறை மாத்திரையை மாற்றினார்கள். ஒரு முறை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு போகிறோம் என்று திருவொற்றியூர் டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் எழுத்துக்குக் கீழே நெஞ்சு டாக்டர் எழுத்து இருந்தது. அதற்குக் கீழே டாக்டரம்மா எழுத்து. படிக்கத் தெரியாவிட்டாலும் அவள் அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பாள்.

அப்புறம் ஒரு காலை. எடை போடக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கையில் இருக்க அப்படியே சுவரில் சாய்ந்தாள். ரிக்ஷா கூப்பிட வெளியே ஓடி, திரும்பி வந்தேன். ரிக்ஷா தேவைப்படவில்லை.

டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். நாடி பிடித்தார். வெகு நேரம் கையை விடவில்லை. போகும்போது, "அன்னைக்கு நீங்க அவளக் கூட்டிட்டு வராம இருந்திருந்தா அந்த வருசமே" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஸ்லைடு மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது. டாக்டர்களே அழுத்திக்கொள்கிறார்கள். நான் டீ மட்டும் கொடுக்கிறேன். தட்டு அதேதான். ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை. நான் அதை மெஷின் இருந்த இடத்துக்குப் பின்னால் போட்டுவைக்கிறேன். தூங்குகிற டாக்டர்களை எண்ணிப் பார்க்கிறேன். சொல்ல ஆள் இல்லை.

காலையில் கால் காசிமேட்டுக்குத்தான் போகிறது. அண்ணாச்சி பேசமாட்டார். தராசுத் தட்டில் மூட்டை இருந்தால் இறக்கி வைப்பார். நான் ஏறுவதில்லை. நாலு நெத்திலியைக் கையில் எடுத்துக் கசக்கிவிட்டு வருகிறேன். சோறு இன்னும் உப்பில்லாமல்தான் வடிக்கிறேன். விரலை மூக்கில் வைத்துச் சாப்பிடுகிறேன்.

எடை நோட்டுகள் அரிசி டின்னுக்கு மேலே இருக்கின்றன. போன வாரம் இறக்கி எண்ணினேன். அண்ணாச்சி ஊர்க் கோயில் கொடைக்குக் கடை மூடின நாள், ஆஸ்பத்திரியில் இருந்த நாள், மழையில் தெரு முழுகிய நாள் எதுவும் எழுதவில்லை. அதெல்லாம் சேர்க்கவில்லை. அவள் தராசில் ஏறி நின்று, நான் எழுதிய காலைகள் மட்டும். மூணு தடவை எண்ணினேன்.

ரெண்டாயிரத்து நூற்று முப்பத்தாறு.